ஆட்டோ கியர் வண்டி மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகக் கோளாறு கண்டுபிடிப்பது

“கியர்பாக்ஸ் அவுட், இறக்கித்தான் பார்க்கணும்” என்ற தீர்ப்புக்கு முன்னால், கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட வேண்டியவை நான்கு: பேட்டரி, ஆயில், லிவர் கேபிள், கனெக்டர். இவற்றில் ஒன்று கெட்டால்கூட கியர்பாக்ஸே போய்விட்ட மாதிரிதான் வண்டி நடந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே, காசு செலவில்லாத சோதனை முதலிலும் கியர்பாக்ஸை இறக்கும் வேலை கடைசியிலும் வருகின்றன. வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள்.

இங்கே பேசுவது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த 4, 5, 6 கியர் வண்டிகளைப் பற்றி. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓனர் மேனுவலில் கியர்பாக்ஸ் ஆயில் பெயரைப் பாருங்கள். ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில்) என்றிருந்தால் பெரும்பாலும் கன்வெர்ட்டர் வகை. சிவிடி ஃப்ளூயிட் என்றிருந்தால் சிவிடி, அதாவது தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை. மேனுவல் வண்டிக்கு ஊற்றும் 75டபிள்யூ கியர் ஆயில் என்றிருந்தால் அது பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸைத் தானாக இயக்கும் வகை.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கக்கூடிய ஸ்கேனர், நூல் பிரியாத துணி, ஒரு வெள்ளைத் தாள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. வண்டிக்கு அடியில் போவதென்றால் இரண்டு ஸ்டாண்டு. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

*வோல்டேஜ்.* இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடும்போது பொதுவாக 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்கும். அடுத்து எர்த்: இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரின் ஒரு முனையைக் கியர்பாக்ஸின் வெறும் உலோகத்திலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பேட்டரி மாற்றியதும் கியர் ஒழுங்காக விழ ஆரம்பித்த வண்டிகள் உண்டு. சொலினாய்டுக்கு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) போகும் கரண்ட் தளர்ந்தால் கம்ப்யூட்டர் அதைச் சொலினாய்டு கோளாறு என்றே எழுதி வைக்கும்.

*ஆயில்.* டிப்ஸ்டிக் உள்ள வண்டியில், பதினைந்து நிமிடம் ஓட்டி ஆயில் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்பப் பார்க்கில் வையுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ‘ஹாட்’ கோட்டில் அளவு பாருங்கள். ஹோண்டா கன்வெர்ட்டர் வண்டிகளில் மட்டும் முறை தலைகீழ்: இன்ஜினை அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். குச்சியே இல்லாத கியர்பாக்ஸில், வண்டியை மட்டமாகத் தூக்கி, ஆயிலைக் கம்பெனி சொன்ன வெப்பநிலைக்கு (பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரி) கொண்டுவந்து, ஓவர்ஃப்ளோ போல்ட் வழியாகப் பார்க்க வேண்டும். லிஃப்டும் ஸ்கேனரும் இல்லாமல் அந்த வேலையில் கை வைக்க வேண்டாம்.

ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். சிவப்பும் லேசான பழுப்பும் பிரச்சினை இல்லை. கறுப்பாக, தீய்ந்த வாடையோடு இருந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ரோஜா நிறம் என்றால் மேலே படிக்காமல் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள், இன்ஜினையும் இனி ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

*கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்).* ஸ்கேனரில் பி0700 மட்டும் வந்தால் அது கோளாறின் பெயரே அல்ல. “கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் போய்க் கேள்” என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். விலை குறைந்த புளூடூத் கருவிகள் பல அதோடு நின்றுவிடும். கிடைத்த கோடுகள் அத்தனையையும் எழுதி வைத்த பிறகே அழியுங்கள். “பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு, சரியாயிடும்” என்ற வைத்தியம் கோடையும் அழிக்கும். சில வண்டிகளில் கியர்பாக்ஸ் பழகி வைத்திருந்த கணக்கையும் சேர்த்து அழிக்கும். பிறகு இருந்த கோளாறு எது, புதிதாக வந்த ஜெர்க் எது என்று பிரித்தறியவே முடியாது.

லிவர் பார்க்கை விட்டு நகரவில்லை

பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் ஒருவரை நிற்கவைத்து பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள்.

எரியவில்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸில் இல்லை. ஸ்டாப் லைட் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் சரியாக இருந்தால் பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்ச். அதன் முனையைத் தாங்கும் பிளாஸ்டிக் பொத்தான் உடைந்து மிதியடியில் தூளாகக் கிடப்பதும் உண்டு.

எரிகிறது என்றால், இக்னிஷன் ஆனில் பிரேக்கை மிதித்து லிவர் அடியில் ‘டக்’ என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். சத்தம் இல்லாவிட்டால் லிவரைப் பூட்டி வைக்கும் லாக் சொலினாய்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். சத்தம் வந்தும் நகரவில்லை என்றால் கன்சோலைத் திறந்து பாருங்கள்; காபியோ கூல்டிரிங்ஸோ கொட்டிப் பிசுபிசுத்துப்போன லிவர் பொறிகளைச் சுத்தம் செய்தாலே போதும். அவசரத்துக்கு, பெரும்பாலான வண்டிகளில் லிவர் பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்து, மூடியை நெம்பி, ஸ்க்ரூடிரைவரால் உள்ளே அழுத்தியபடி லிவரை நகர்த்தலாம்.

மேட்டில் நிறுத்திய வண்டி என்றால் இது எதுவும் இல்லாமலும் இருக்கலாம். வண்டியின் மொத்த எடையும் பார்க்கிங் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் மேட்டுப் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினால் விடுபடும். அடுத்த முறை பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காலை எடுத்து வண்டி அதில் உட்கார்ந்த பிறகு பார்க்குக்குப் போங்கள்.

பார்க்கில் ஸ்டார்ட் ஆகவில்லை, நியூட்ரலில் ஆகிறது

கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது லிவர் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கியர்பாக்ஸ் மேலிருக்கும் ரேஞ்ச் ஸ்விட்ச் இடம் மாறியிருக்கிறது. டாஷ்போர்டில் தெரியும் எழுத்தும் லிவர் இருக்கும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பி0705 வந்தால் ஸ்விட்ச் கனெக்டரில் தண்ணீரோ பச்சைத் துருவோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்விட்ச் வாங்கப் போங்கள்.

வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டது, இழுவை இல்லை, விளக்கு எரிகிறது

இது லிம்ப் மோடு. கம்ப்யூட்டர் தன் கணக்கு தவறுவதைக் கண்டு சொலினாய்டுகளுக்குக் கரண்டை நிறுத்திவிடும். வண்டி 2-வது அல்லது 3-வது கியரிலும் ரிவர்ஸிலும் மட்டும் ஓடும். எப்போது மாட்டுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணியதுமே மாட்டினால் வயர், ஃபியூஸ், கனெக்டர், சொலினாய்டு சுருள் என்று மின் பக்கம் போங்கள். அரை மணி ஓடிச் சூடானதும் மாட்டி, அணைத்து ஆற வைத்தால் சரியாகிறது என்றால் சூட்டில் அறுபடும் சுருளோ, சூட்டில் அழுத்தம் குறையும் ஆயிலோ. குறிப்பிட்ட ஒரு கியர் விழும்போது மட்டும் மாட்டினால் அந்தக் கியரின் கிளட்ச் மேல் சந்தேகம் வையுங்கள்.

கோடும் இதையேதான் சொல்லும். பி0753 என்றால் ‘ஏ’ சொலினாய்டின் மின்சுற்றில் கோளாறு. பி0751 என்றால் மின்சுற்று நன்றாகவே இருக்கிறது, ஆனால் சொன்ன வேலை நடக்கவில்லை. வால்வ் ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது அழுத்தம் வரவில்லை. ஒரே சொலினாய்டு, இரண்டு கோடு, இரண்டு வேறு வேலை. பி0731 முதல் பி0735 வரை கியர் விகிதம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஆயில் அளவும் ஸ்பீடு சென்சாரும் சரி என்று தெரிந்த பிறகு இந்தக் கோடு நின்றால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது.

மின் பக்கச் சோதனை, இந்த வரிசையில்:

1. கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்ட ஃபியூஸ் எல்லாம். கண்ணால் பார்த்தால் போதாது, இரண்டு முனையிலும் வோல்ட் அளக்க வேண்டும்.

2. இக்னிஷனை அணைத்து, கியர்பாக்ஸ் மேலுள்ள பெரிய கனெக்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். வளைந்த பின், பச்சைத் துரு, ஆயில் ஈரம் மூன்றையும் தேடுங்கள். 1996 முதல் வந்த மெர்சிடிஸ் 722.6 ஐந்து கியர் பெட்டியில் இது பிரசித்தம். 13 பின் கனெக்டர் செருகும் பிளாஸ்டிக் கூட்டின் ஓ-ரிங் காய்ந்து ஆயில் கசியும். கசிவு தரையில் சொட்டுவதோடு நிற்காது; வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் வழியாகவே ஊர்ந்து மேலேறி, இன்ஜின் பகுதியில் இருக்கும் கண்ட்ரோல் யூனிட் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்) வரை போய் நிற்கும். அதனால் இந்த வண்டியில் கீழே ஆயிலைக் கண்டால் மேலே யூனிட்டின் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். அங்கும் சிவப்பு ஈரம் இருந்தால் இரண்டு முனையையும் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, ஓ-ரிங்கோடு அந்தக் கூட்டையும் மாற்ற வேண்டும். விலை குறைந்த அந்தப் பொருளைப் பார்க்காமல் யூனிட்டையே மாற்றியவர்கள் உண்டு; புது யூனிட்டிலும் ஆயில் ஏறும்.

3. சொலினாய்டின் ஓம். கியர்பாக்ஸ் பக்கத்துப் பின்களில் அளக்க வேண்டும். டொயோட்டாவில் ஆன்-ஆஃப் சொலினாய்டு 20 டிகிரியில் 11 முதல் 15 ஓம், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் லீனியர் சொலினாய்டு சுமார் 5 முதல் 5.6 ஓம். மற்ற கம்பெனிகளுக்கு அவரவர் மேனுவல்தான். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது, ஒரு ஓமுக்கும் கீழே என்றால் ஷார்ட். ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் நடுவில் தொடர்பு இருக்கவே கூடாது (பாடியிலேயே எர்த் எடுக்கும் சொலினாய்டு மட்டும் விலக்கு). குளிரில் ஒருமுறை, ஓட்டிவிட்டு வந்த சூட்டில் ஒருமுறை அளந்தால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. 12 வோல்ட்டை நேராகக் கொடுத்து ‘டிக்’ கேட்பது ஆன்-ஆஃப் வகைக்கு மட்டும். லீனியர் வகைக்கு அப்படிக் கொடுத்தால் சுருள் எரிந்துவிடும். நடுவில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. ஸ்பீடு சென்சார் (பி0715 உள்ளே வரும் வேகம், பி0720 வெளியே போகும் வேகம்). இரண்டு வயர் வகையை ஓமில் அளக்கலாம். டொயோட்டாவில் 560 முதல் 680 ஓம் வரும். மூன்று வயர் வகையில் ஓம் பார்ப்பது வீண் வேலை: சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். கழற்றிய சென்சார் முனையில் இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் போட்டால் சென்சார் பிழைக்கும். ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

5. வயரிங். ஸ்கேனரில் நேரலை அளவைத் திறந்து வைத்து, ஒருவர் திரையைப் பார்க்க, இன்னொருவர் வயர்க்கட்டை அங்கங்கே பிடித்து அசைக்க வேண்டும். எலி கடித்த இடமும் பேட்டரி தட்டுக்கு அடியில் உரசிய இடமும் இப்படித்தான் மாட்டும்.

கம்ப்யூட்டர் கடைசி சந்தேகம். புது யூனிட்டுக்கு வண்டி வாரியாகப் புரோகிராமிங் தேவைப்படும், பழைய கடையில் வாங்கியது பெரும்பாலும் அப்படியே ஒத்துக்கொள்ளாது. ஐந்தும் சரியாக இருந்து கோடு திரும்ப வந்தால், அல்லது சொலினாய்டே உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால், ஆட்டோ கியரை மட்டுமே பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். வால்வ் பாடியில் (ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) சின்னச் சின்ன எஃகு உருண்டைகள் இருக்கும். ஒன்று இடம் மாறினால்கூட இல்லாத கோளாறெல்லாம் வரும்.

ஏஎம்டி வண்டிக்கு இந்தப் பகுதி வேறு. இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவலான இந்த வகையில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்சை மிதித்துக் கியர் போடும் வேலையை மட்டும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. நியூட்ரலிலேயே நின்றால் பிரேக் லைட் ஸ்விட்ச், பேட்டரி, ஆக்சுவேட்டர் ஆயில் அளவு, பம்ப் ரிலே, பிறகு கிளட்ச் தேய்மானம் என்று பாருங்கள். கிளட்ச் மாற்றிய பிறகு ஸ்கேனரால் ‘லேர்னிங்’ கொடுக்காவிட்டால் புது கிளட்சும் ஜெர்க் அடிக்கும்.

டிரைவ் போட்டும் வண்டி நகரவில்லை, அல்லது தாமதித்துத்தான் பிடிக்கிறது

முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்றால் முதல் சந்தேகம் ஆயில். அடுத்தது கேபிள். பானட்டைத் திறந்து, இன்ஜின் அணைந்த நிலையில் ஒருவர் லிவரை நகர்த்த, கியர்பாக்ஸ் மேலிருக்கும் கை அதோடு அசைகிறதா என்று பாருங்கள். கேபிள் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் பொடிந்து கழன்றால் உள்ளே லிவர் வெண்ணெய் மாதிரி நகரும், வெளியே ஒன்றும் நடக்காது. புஷ்ஷின் விலை மிகக் குறைவு.

கியர் சரியாக விழுந்தும் நகரவில்லை, ஆனால் ஸ்பீடோமீட்டர் முள் ஏறுகிறது என்றால் கியர்பாக்ஸ் வேலை செய்கிறது. முன் சக்கர வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் கழன்றோ உடைந்தோ இருக்கிறது. வீல் சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் முள் ஏறாது. அங்கே கீழே குனிந்து ஷாஃப்ட்டையே பார்க்க வேண்டியதுதான்.

டிரைவில் நகரவில்லை, ‘எல்’ போட்டால் நகர்கிறது என்றால் பல 4 கியர் பெட்டிகளில் ஒன்-வே கிளட்ச் (ஒரு பக்கம் மட்டும் சுழல விடும் கிளட்ச்) போயிருக்கும். ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால் ரிவர்ஸ் கிளட்ச் அல்லது பிரேக். இரண்டும் இறக்கும் வேலை.

தாமதத்தை அளக்க முடியும். ஆயில் சூடாக, இன்ஜின் ஐடிலில், பிரேக்கும் ஹேண்ட்பிரேக்கும் போட்டு, நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தள்ளியதிலிருந்து ‘கபக்’ என்று பிடிப்பது வரை ஸ்டாப்வாட்சில் பாருங்கள். பழைய டொயோட்டா மேனுவல்கள் வைக்கும் வரம்பு டிரைவுக்கு 1.2 நொடி, ரிவர்ஸுக்கு 1.5 நொடி. ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். இரண்டுமே தாண்டினால் அழுத்தம் குறைவு: ஃபில்டர் அடைப்பு, பம்ப். ஒன்று மட்டும் தாண்டினால் அந்தக் கிளட்ச். காலையில் முதல் முறை மட்டும் தாமதம், பிறகு சரி என்றால் உள்ளே ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம், அல்லது நின்ற நேரத்தில் கன்வெர்ட்டர் ஆயில் வடிந்திருக்கலாம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டு ஒரு மாதம் கவனிக்கலாம்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

ஆயில் குறைவாக இருந்தால் வளைவிலும் மேட்டிலும்தான் முதலில் வழுக்கும், ஏனென்றால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி ஃபில்டர் காற்றை இழுக்கும். ஊற்றினால் சரியாகிவிடும், ஆனால் எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது.

ஆயில் அளவு சரி என்றால் கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பேன்) கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மெல்லியதாகப் படிந்திருப்பது இயல்பு. மினுமினுக்கும் சில்லுகள், பித்தளை நிறத் துணுக்கு, தட்டையான கறுப்புச் செதில் என்றால் கியர்பாக்ஸ் திறக்க வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது. பேன் போல்ட்டுகள் பலவற்றுக்கும் 7 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும்; பலமாக முறுக்கினால் பேனின் விளிம்பு வளைந்து புதுக் கசிவு வரும்.

ஸ்டால் டெஸ்ட் பற்றிப் பலரும் கேட்பார்கள். பிரேக்கை அழுத்தி மிதித்து, டிரைவில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, எவ்வளவு ஆர்பிஎம் போகிறது என்று பார்ப்பது. கிளட்ச் வழுக்கினால் எண் கூடும், இன்ஜின் தளர்ந்தாலோ கன்வெர்ட்டரின் ஸ்டேட்டர் கெட்டாலோ குறையும். 5 நொடிக்கு மேல் மிதிக்கவே கூடாது, முன்னும் பின்னும் ஆள் நிற்கக் கூடாது, ஒவ்வொரு முறைக்கும் பிறகு நியூட்ரலில் ஆற விட வேண்டும். சிவிடி வண்டியில் மேனுவல் சொல்லாமல் செய்யாதீர்கள். ஏற்கெனவே தீய்ந்த வாடை வருகிறது என்றால் இந்தச் சோதனையே தேவையில்லை, பதில் தாளிலேயே இருக்கிறது.

ஆயில் கறுத்துப்போன கியர்பாக்ஸுக்கு மெஷின் போட்டு ஃபிளஷ் பண்ணுவதை ஆதரிக்க முடியாது. அழுத்தத்தில் கிளம்பும் தூள் வால்வ் பாடிக்குள் போய் உட்காரும். வடித்து ஊற்றுவதுதான் மேல்: ஒருமுறை வடித்தால் மொத்த ஆயிலில் பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டரில் தங்கும், அதனால் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை. “ஆயில் மாத்தினதாலதான் கியர்பாக்ஸ் போச்சு” என்பார்கள். போகிற நிலையில் இருந்ததால்தான் ஆயில் மாற்றும் யோசனையே வந்திருக்கும்.

50 முதல் 80 கிலோமீட்டரில், லேசாக மிதித்தால் அதிர்வு

வேகத்தடைப் பட்டைகள் மேல் ஓடுகிற மாதிரி ‘கடகட’ என்று இரண்டு மூன்று நொடி வந்து மறையும். அதே வேகத்தில் ஆக்சிலேட்டரை மாற்றாமல், இடது காலால் பிரேக்கை பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள் (பின்னால் வண்டி இல்லாத சாலையில்). பிரேக் ஸ்விட்ச் மாறியதும் கன்வெர்ட்டரை இன்ஜினோடு நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் விடுபடும். அதிர்வு உடனே நின்றால் லாக்-அப்தான் காரணம். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். பி0300 வரிசைக் கோடுகள் அங்கே காத்திருக்கும்.

லாக்-அப் என்றால் முதல் வைத்தியம் சரியான ஆயில். டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹூண்டாயின் எஸ்பி-4, ஹோண்டாவின் டிடபிள்யூ-1 எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றில்லை. கடையில் “எல்லாத்துக்கும் ஓடும்” என்று தரும் ஆயில் ஊற்றிய பிறகு இந்த அதிர்வு தொடங்கியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆயில் மாற்றியும் நிற்காமல் பி0741 வந்தால் லாக்-அப் சொலினாய்டு, அதற்கும் அப்பால் கன்வெர்ட்டர். கன்வெர்ட்டருக்குக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கியர் விழும்போது ‘டொக்’ என்று இடிக்கிறது

பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி டிரைவ், ரிவர்ஸ் என்று மாற்ற, நீங்கள் பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். தூக்கிப்போட்டால் மவுண்டிங். இன்னோவா மாதிரிப் பின் சக்கர வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்டைக் கையால் திருகிப் பாருங்கள். ஐடில் ஆர்பிஎம் ஏறி நின்றாலும் டிரைவ் போடும்போது இடிக்கும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லாக் கியரும் ஒரேபோல முரட்டுத்தனமாக விழுந்தால் கியர்பாக்ஸின் மொத்த ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லைன் பிரஷர் சொலினாய்டைச் சோதியுங்கள். அதற்குக் கரண்ட் நின்றுபோனால் பாதுகாப்புக்காக அழுத்தம் முழு அளவுக்கு ஏறும்படிதான் பெரும்பாலும் வடிவமைத்திருக்கிறார்கள்.

டாப் கியருக்கே போவதில்லை

ஓவர்டிரைவ் பட்டனைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம்: லிவர் பக்கவாட்டில் கை பட்டு ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு எரிந்துகொண்டிருக்க, மைலேஜ் குறைந்துவிட்டது என்று வண்டியைக் கொண்டுவருவார்கள். விளக்கு எரியவில்லை என்றால் இன்ஜின் சூட்டைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றால் கூலண்ட் சூடேறாது (பி0128), இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் டாப் கியரையும் லாக்-அப்பையும் தராது.

ஆயில் பால் கலந்த ரோஜா நிறத்தில் இருக்கிறது

தண்ணீர் கலந்துவிட்டது. இரண்டே வழி: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகிக் கூலண்ட் கலந்திருக்கும், அல்லது வெள்ளத்தில் நின்ற வண்டியில் கியர்பாக்ஸ் மேலிருக்கும் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். கூலண்ட் டேங்கின் மூடியைத் திறந்து (இன்ஜின் ஆறிய பிறகு) உள்ளே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் கூலர்தான்.

இங்கே தாமதம்தான் செலவு. கிளட்ச் தட்டில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீரும் கூலண்டில் இருக்கும் கிளைக்காலும் இளக்கிவிடும். ஸ்டார்ட் பண்ணாமல், பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். இன்ஜின் சுழற்றும் சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்கக் கூடாது; ஆயில் பம்ப் இன்ஜினால்தான் சுழல்கிறது, இழுத்துக்கொண்டு போனால் உள்ளே எல்லாம் வறண்டு தேயும். ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றி, கூலர் குழாய்களைக் கழுவி, பேனைக் கழற்றி வடித்து, நிறம் தெளியும் வரை ஊற்றி வடிக்கச் சொல்லுங்கள். கலந்த அன்றே பிடித்திருந்தால் இது போதும். நாட்கணக்கில் அப்படியே ஓட்டியிருந்தால் கிளட்ச் செட், சீல் கிட், கன்வெர்ட்டர் மூன்றுக்கும் சேர்த்தே எஸ்டிமேட் கேளுங்கள். புது கியர்பாக்ஸ் போட்டுப் பழைய ரேடியேட்டரையே விட்டுவைத்தால் அதிலும் கூலண்ட் கலக்கும்.